செகோவியா–ஆவிலாவா, சலமாங்கா–சமோராவா? குளிர்நாளுக்கான இரண்டு மிதிவண்டிப் பாதைகள்

ஸ்பெயினின் காஸ்தில் பீடபூமியில், டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட ஒரு நாளில், ஒரு பழைய நகரத்திலிருந்து இன்னொரு பழைய நகரத்துக்குப் பகல் வெளிச்சத்துக்குள் மிதிவண்டியில் போய்ச்சேர எண்ணுகிறவருக்கு இரண்டு நல்ல பாதைகள் இருக்கின்றன. ஒன்று, செகோவியாவிலிருந்து வில்யாகஸ்தின் வழியாக ஆவிலாவுக்குச் செல்லும் என்-110 சாலை. மற்றது, சலமாங்காவிலிருந்து நேர் வடக்காகச் சமோராவுக்குச் செல்லும் என்-630 சாலை. இரண்டும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இரண்டிலும் நெடுந்தூர வாகனங்களை அருகிலுள்ள விரைவுச்சாலைகள் பெருமளவு வாங்கிக்கொண்டுவிட்டதால், பழைய சாலையில் போக்குவரத்து குறைவு. செகோவியாவும் ஆவிலாவும் 1985இலும், சலமாங்கா 1988இலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. சமோரா அந்தப் பட்டியலில் இல்லை. நகரங்களின் புகழை மட்டும் எடைபோட்டால் முடிவு எளிது. ஆனால், குளிர்நாளில் ஒருவர் நகரத்தில் கழிக்கும் நேரத்தைவிடச் சாலையில் கழிக்கும் நேரமே அதிகம் என்பதால், சாலையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உயரம். செகோவியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்திலும், ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களிலேயே மிக உயரமான ஆவிலா 1130 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சலமாங்கா 800 மீட்டர், சமோரா 650 மீட்டர். இந்த எண்களைப் பார்க்கும் எவரும், குளிருக்கு அஞ்சினால் தாழ்ந்த பாதையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பார். ஜனவரியில் ஆவிலாவின் இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்குவது வழக்கம் என்பதும் அந்த எண்ணத்துக்கு வலுச்சேர்க்கும். இருந்தும், குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கூடத் தொடரும் ஒருவகை வானிலையில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

உயர் காற்றழுத்தம் பீடபூமியின்மேல் நிலைகொண்டு காற்று அசையாமல் நிற்கும் நாள்களில், கனமான குளிர்காற்று டுவெரோ ஆற்றின் பள்ளத்தாக்கில் தேங்கி, அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் படிந்துவிடும். அப்போது பள்ளத்தாக்கை நிரப்பும் பனிமூட்டம் பகல் முழுதும் விலகாமலே போவதுண்டு. சமோரா அந்தப் பள்ளத்தாக்கின் கரையிலேயே இருக்கிறது. சலமாங்காவும் பலமுறை அந்த மூட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அதே நாளில் செகோவியாவுக்கும் ஆவிலாவுக்கும் இடைப்பட்ட உயர்நிலத்தில் பெரும்பாலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காலையில் புல்வெளி முழுவதும் உறைபனி வெளுத்துக் கிடந்தாலும், பதினோரு மணிக்குள் முதுகில் சூடு ஏறத் தொடங்கிவிடும். கீழே சமோராச் சாலையிலோ நண்பகலிலும் வெப்பமானி உறைநிலையை ஒட்டியே நிற்கும். மூட்டத்தின் நீர்த்துளிகள் திராட்சைக் கொடிகளிலும் வேலிக் கம்பிகளிலும் வெண்ணிற ஊசிகளாக உறைந்து வளர்வதை அங்குள்ளோர் ‘சென்செல்யாதா’ என்கிறார்கள். அந்தக் காட்சி மிக அழகானது. ஆனால் அதே நீர் கையுறைகளிலும் கண்ணாடியிலும் படியும். வண்டி ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது, எதிரே வருகிறவருக்கு இவரும் தெரியமாட்டார். பார்வைத்தூரம் குறைந்த நிலையில் நகருக்கு வெளியே மிதிவண்டி ஓட்டுகிறவர், விளக்குகளோடு 150 மீட்டர் தொலைவிலிருந்து தெரியக்கூடிய ஒளி எதிரொளிக்கும் உடையும் அணிந்திருக்க வேண்டும் என்பது ஸ்பெயினின் சாலை விதி. விதியைப் பின்பற்றினாலும்கூட, அடர்ந்த மூட்டத்தில் என்-630இல் செல்ல நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அட்லாண்டிக்கிலிருந்து மழைமேகங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் வாரங்களில் நிலைமை மாறுகிறது. அப்போது சமோராச் சாலையில் மழையாக விழுவது, ஆவிலாச் சாலையில் வெண்பனியாக விழக்கூடும். அந்நாள்களின் காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வீசும். செகோவியாவிலிருந்து ஆவிலா தென்மேற்கில் இருப்பதால், பயணி அன்று முழுவதும் காற்றை முகத்தில் வாங்கியபடியே ஏற வேண்டியிருக்கும். சமோராவுக்குச் செல்பவருக்கு அதே காற்று பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ கைகொடுக்கும். காற்று இல்லாத நாளிலும் 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உடல் உணர்வது ஏறத்தாழ 1 டிகிரிதான். இறக்கத்தில் வேகம் 40ஐத் தொட்டால் அது உறைநிலைக்குக் கீழே போய்விடும். இதோடு எதிர்காற்றும் சேர்ந்தால் விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும். இறக்கத்துக்கு முன் நெஞ்சுக்கும் மேலாடைக்கும் இடையே செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்வது பந்தய வீரர்களின் பழைய பழக்கம்; இரண்டு பாதைகளிலுமே அது உதவும்.

மேகம் கலைந்து வடகாற்று வீசும் நாளில், திசையை மாற்றிச் சமோராவிலிருந்து சலமாங்காவுக்கு வருவதே மேல். அதேபோல் தென்மேற்குக் காற்றில் ஆவிலாவிலிருந்து புறப்பட்டுச் செகோவியாவுக்கு இறங்கி வந்தால், முதுகில் காற்றும் கிடைக்கும். மொத்தத்தில் 130 மீட்டர் இறக்கமும் கிடைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை வேறுபாடு சிறிது. டிசம்பர் நடுவில் இப்பகுதியில் சூரியன் காலை எட்டரை மணியளவில்தான் எழுகிறது. ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடுகிறது. ஆவிலாப் பாதையில், நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் காலை பத்து மணிக்குப் பின்னும் கிடக்கக்கூடும் என்பதால், அங்கே பத்தரைக்கு முன் கிளம்பாமல் இருப்பது நல்லது. சுமையோடு மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் ஓட்டம் மட்டும் நான்கரை மணிநேரம். ஒரு மணிநேரம் உணவுக்கு ஒதுக்கினாலும் வெளிச்சம் மிஞ்சும்.

ஒதுங்கிக் குளிர்காய இடம் கிடைப்பதில் சமோராச் சாலை தெளிவாக முந்துகிறது. பழைய ரோமானியப் பாதையை ஒட்டி, வடமேற்கு ஸ்பெயினின் கிறித்தவப் புனிதத்தலமான சாந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரிகர்களின் வழி இதுவே என்பதால் கால்சாதா தெ வால்துன்சியேல், எல் கூபோ, கொர்ராலெஸ், மொராலெஸ் என ஊர்கள் தொடர்ந்து வருகின்றன. யாத்திரிகர்களின் மண்பாதையில் மட்டும் இறங்கிவிடக் கூடாது. மழைக்குப் பின் அங்குள்ள களிமண் சக்கரத்தையும் மட்கார்டையும் சேர்த்துக் கட்டிவிடும். ஆவிலாச் சாலையிலோ ஏறத்தாழ நடுவழியில் உள்ள வில்யாகஸ்தினே நம்பத்தக்க நிறுத்தம். ஃபுவெந்தெமிலானோஸ், அல்தேயவியேஹா போன்ற சிற்றூர்களில் மதுக்கூடத்தோடு சேர்ந்த காப்பிக்கடை குளிர்காலத்தில் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது. உணவும் ஒரு காரணம்தான்: சலமாங்காவை அடுத்த லா அர்முன்யா வயல்களின் பருப்பு ஸ்பெயின் முழுவதும் பெயர்பெற்றது. குளிரில் நடுங்கி வந்து அமர்பவர் முன் ஆவி பறக்கும் அந்தப் பருப்புக் கிண்ணத்தை வைத்தால், அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்காது. இறைச்சி உண்ணாதவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்; அதில் பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்த்து வேகவைப்பதே அங்கு வழக்கம்.

காட்சியில் ஆவிலாச் சாலை வெல்கிறது. செகோவியாவை விட்டதும் இடப்பக்கம் குவாதர்ராமா மலைத்தொடர் வெண்பனியோடு எழுகிறது. அதில் மல்லாந்து கிடக்கும் பெண்ணைப்போல் தெரியும் முகட்டை ‘இறந்த பெண்’ என்று அழைக்கிறார்கள். தெளிந்த குளிர்நாளில் அவள் நெடுநேரம் கூடவே வருவாள். சமோராச் சாலையில் அலையலையான வயல்களும், மெல்லக் கூடிவரும் திராட்சைத் தோட்டங்களுமே துணை.

நகரங்களில் தொடக்கம் இரண்டிலும் உயர்ந்தது: செகோவியாவில் சாந்து பூசாமல் கருங்கற்களை அடுக்கி 28 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய ரோமானிய நீர்வழிப்பாலம், சலமாங்காவில் 1218இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், காலை வெயிலில் பொன்னாகும் மணற்கல் சுவர்களும். இஸபெல் காஸ்திலின் அரசியாக அறிவிக்கப்பட்டது செகோவியாவில், 1474 டிசம்பர் 13 அன்று. அதே மாதத்தில் அங்கிருந்து புறப்படுபவருக்கு அக்கூட்டம் எத்தகைய குளிரில் நின்றிருக்கும் என்பது விளங்கும். ஆனால் போய்ச்சேரும் கணத்தில் என் மனம் சமோராவின் பக்கமே சாய்கிறது. ஆவிலாவின் இரண்டரை கிலோமீட்டர் மதிலைத் தொலைவிலிருந்து முழுதாகக் காட்டும் ‘நான்கு தூண்கள்’ மேடு நகருக்கு மேற்கே உள்ளது. கிழக்கிலிருந்து வரும் நம் சாலையோ புதுக் கட்டடங்களின் நடுவே கொண்டுபோய்த்தான் மதிலடியில் விடுகிறது. சமோராவில் டுவெரோவின் தென்கரையை அடைந்ததுமே, மறுகரைப் பாறையின்மேல் 12ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தின் செதில் செதிலான கற்குவிமாடம் தெரிந்துவிடும். 1072இல் அந்தக் கோட்டையை முற்றுகையிட்ட மன்னன் இரண்டாம் சாஞ்சோ அதன் வெளியிலேயே கொல்லப்பட்டான். பயணியோ பாலத்தைக் கடந்தால் உள்ளே போய்விடலாம்.

இரண்டு பாதைகளிலுமே வானிலை முற்றாகக் கெட்டிருந்தால், தெற்கே எஸ்திரமதூராவில் திரூஹில்யோவிலிருந்து காசெரெஸ் வரையிலான ஏறத்தாழ 47 கிலோமீட்டரை எண்ணிப்பார்க்கலாம். அங்கே குளிர் மென்மையானது. ஆனால் நடுவில் ஊரே இல்லாததுபோல் நீளும் வெற்றுவெளி அது. உணவையும் நீரையும் சுமந்துகொண்டே போக வேண்டும்.

திரும்பும் வழியையும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். செகோவியாவையும் ஆவிலாவையும் நேரடியாக இணைக்கும் ரயில் இல்லை. சலமாங்காவுக்கும் சமோராவுக்கும் இடையிலான பழைய ரயில்பாதையிலும் இப்போது பயணிகள் ரயில் ஓடுவதில்லை. இரண்டிலும் பேருந்துதான். ஆவிலாவிலிருந்து தலைநகர் மத்ரீதுக்குச் சாதாரண ரயிலில் மிதிவண்டியை ஏற்றிக்கொண்டு போகலாம். சமோராவிலிருந்து அதிவேக ரயிலில் போவதானால் வண்டியைக் கழற்றி உறைக்குள் வைக்க வேண்டியிருக்கும். அந்த உறையைச் சலமாங்காவிலிருந்தே சுமந்துவர வேண்டும்.