9 வாட் யூவி ஸ்டெரிலைசர் (புற ஊதா லைட்டால தண்ணியில இருக்குற பாசியைக் கொல்ற கருவி) – பச்சைத் தண்ணிக்கு நெஜமாவே வேலை செய்யுது
மெரைன் டேங்க் (கடல் மீன் வளர்க்குற உப்புத்தண்ணித் தொட்டி) வச்சு அஞ்சாவது வாரம், 3 அடி டேங்க், தண்ணி அப்படியே பச்சைப் பயறு ஊறவச்ச தண்ணி மாதிரி ஆயிடுச்சு, பின்னாடி இருக்குற லைவ் ராக்கே (நல்ல பாக்டீரியா வாழுற கடல் பாறை) தெரியல. ஒரு கடையில பாதித் தண்ணி மாத்துங்கன்னாங்க, மாத்துனேன், ரெண்டே நாள்ல மறுபடி பச்சை. ஏன்னா இது தண்ணியில மெதக்குற பாசி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, ஃபில்டர் பஞ்சுல நிக்கவே நிக்காது. நான் வேற போர் தண்ணியில உப்பு கலக்கிட்டிருந்தேன், டெஸ்ட் பண்ணா நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டுமே எக்கச்சக்கம், அதான் பாசிக்கு சாப்பாடு.

அப்புறம் சென்னையில மீன் கடைங்க நெறைய இருக்குற கொளத்தூர் போயி இந்த யூவி வாங்கி மாட்டுனேன். மூணாவது நாள் ராக் லேசா தெரிஞ்சுது, ஆறாவது நாள் காலைல லைட் போட்டா க்ளவுன் மீனோட வெள்ளைப் பட்டை பளிச்சுன்னு இருக்கு, அவ்ளோ சந்தோசம்! பம்ப் வேகத்தைக் கொறச்சு வைங்க, தண்ணி மெதுவா போனாதான் பாசி சாகும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கும், அதனால ஸ்கிம்மரை (நுரையில அழுக்கைப் பிரிச்சு, தண்ணியில காத்தும் கலக்குற கருவி) ஓடவிட்டே வைங்க.

கொறைன்னா, ஒயர் ரொம்ப குட்டை. பல்பையும் வருசத்துக்கு ஒருதடவ மாத்தணும், எரிஞ்சாலும் பவர் கொறஞ்சிடும். எரியுற பல்பை வெறுங்கண்ணால பாக்கவே பாக்காதீங்க.

இப்போ ஆர்ஓ டிஐ தண்ணி (எல்லாத்தையும் வடிகட்டி எடுத்த சுத்தத் தண்ணி) மட்டும்தான் உப்பு கலந்து ஊத்துறேன், வெயில் பட்டா பாசி வளரும்னு ஜன்னலுக்கும் ஸ்கிரீன் போட்டாச்சு.