ஜன்னலில் ஒட்டும் ஃபீடர்: பார்வைக்கு ஐந்து நட்சத்திரம், சக்‌ஷன் கப்புக்கு இரண்டு

மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏற்கெனவே பறவைகளுக்கு விதை வைக்கும் ஒரு குழாய் ஃபீடர் தொங்குகிறது. அது பறவைகளுக்கு. சமையலறை ஸிங்குக்கு மேலே, கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் சக்‌ஷன் கப்பால் ஜன்னலில் ஒட்டியிருக்கும் இந்த அக்ரிலிக் பெட்டி எனக்கு. முப்பது டாலருக்குள் கிடைத்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் பெண் கார்டினல் ஏதோ ஒரு பழுப்புப் பறவை, அவ்வளவுதான். ஜன்னலில் வந்து உட்காரும்போதுதான் கொண்டையிலும் இறக்கையிலும் வாலிலும் லேசாக ஏறியிருக்கும் சிவப்பு தெரிகிறது. அலகு நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. கோடை முடிவில் அதே பழுப்பில், அலகு மட்டும் கறுப்பாக ஒன்று வந்தால், அது இந்த வருஷத்துக் குஞ்சு. கார்டினல்கள் விடிந்தும் விடியாத நேரத்திலும், இருட்டும் நேரத்திலும்தான் அதிகம் வரும். காபி போடும் நேரமும் இரவுப் பாத்திரம் கழுவும் நேரமும் அதுவே என்பதால் ஸிங்க் ஜன்னல் தோதாக அமைந்துவிட்டது.

சிக்கடீ என்ற குட்டிப் பறவை உட்கார்ந்து சாப்பிடும் ஜாதி இல்லை. ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு மேப்பிள் கிளைக்குப் போய், கால்களுக்கிடையே பிடித்து, கொத்தி உடைக்கும். ப்ளூ ஜே வந்தால் பெட்டியே ஆடும். தொண்டை புடைக்க விதையை அடைத்துக்கொண்டு போய் எங்காவது பதுக்கிவிடும். அதன் நீலம் நிறமி கிடையாது, இறகின் அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. உதிர்ந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்பாகத் தெரியும்.

எனக்குப் பிடித்தது ஏப்ரல் மாத கோல்ட்ஃபிஞ்ச்தான். குளிர்காலம் முழுக்க மங்கிய ஆலிவ் நிறத்தில் இருந்த ஆண், இறகு மாற்றும்போது அங்கங்கே மஞ்சள் திட்டாக, பாதி பெயின்ட் அடித்த சுவர் மாதிரி வந்து நிற்கும். படங்களில் இந்த அரைகுறைக் கோலத்தை யாரும் போடுவதில்லை!

சரி, குறைகள். கடுங்குளிரில் சக்‌ஷன் கப் பிடி விட்டுவிடுகிறது, பெட்டி விதையோடு கீழே. கண்ணாடியை நன்றாகத் துடைத்து, கப்பை வெந்நீரில் முக்கி எடுத்து, உலர்த்தி ஒட்டினால் கொஞ்சம் தாங்கும். தட்டில் இருக்கும் ஓட்டைகள் சிறியவை. பனி உருகித் தேங்கி, விதை பூசணம் பிடிக்கிறது. நல்லவேளை, தட்டைத் தனியே கழற்ற முடியும். ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகளுக்கு 1994 முதல் பரவும் கண்நோய் ஃபீடர் வழியாகவும் தொற்றும் என்பதால் கழுவாமல் விடக் கூடாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அப்புறம் நன்றாக அலசிக் காயவைத்தால் போதும்.

பறவை கண்ணாடியில் மோதிவிடாதா என்று தோழி கேட்டாள். ஜன்னலிலேயே ஒட்டியிருப்பதால் மோதிச் சாகும் அளவுக்கு வேகம் எடுக்க அதற்கு இடமில்லை. தள்ளி வைப்பதில்தான் ஆபத்து அதிகம்.

கூடவே தரும் கலப்பு விதைப் பொட்டலத்தில் சிவப்புச் சோளம்தான் பாதி. என் வீட்டுக்கு வருபவை அதைத் தள்ளிவிட்டு மற்றதைத் தேடுகின்றன. கறுப்புச் சூரியகாந்தி விதை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அணில் தொல்லை இருந்தால் சாஃப்ளவர் (குசும்பா) விதை. கார்டினல் விரும்பிச் சாப்பிடும், அணில்கள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ராபினைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் வாங்குபவர்கள் பணத்தை மிச்சப்படுத்தலாம். எங்கள் மாநிலப் பறவை அதுதான், ஆனால் அதற்குப் புல்தரையும் மண்புழுவும் போதும்.