விமானப் பாயிண்ட் திட்டம்: மலையில் இருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகிறதா?

குன்னூரில் தேயிலை வியாபாரம் செய்கிறேன். ஏலம் கணினிக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டாலும், வாங்குகிறவர்களை நேரில் பார்த்து சாம்பிளைக் கப்பில் ஊற்றிக் காட்டினால்தான் இந்தத் தொழிலில் உறவு நிற்கும். அதனால் மும்பைக்கும் டெல்லிக்கும் அடிக்கடி பறக்க வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து பறக்கும் ஒரு விமான நிறுவனத்தின் பாயிண்ட் திட்டத்தில், அதாவது பறக்கப் பறக்கப் பாயிண்ட் சேர்த்து அதை வைத்து டிக்கெட் எடுக்கிற திட்டத்தில், பல வருஷமாக உறுப்பினராக இருக்கிறேன், இப்போது கையில் மேல்நிலை உறுப்பினருக்கான கோல்ட் அட்டை. நட்சத்திரம் போடச் சொன்னால் திட்டத்துக்கு ஐந்துக்கு இரண்டு, நேரம் தவறாமைக்கு ஒன்று. ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருந்துகொண்டு இப்படி ஒரு அட்டை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடுதல் லக்கேஜ் கொடுக்கிறார்கள், சாம்பிள் பெட்டி கொண்டுபோகிறவனுக்கு அது உண்மையிலேயே உதவி. செக்-இன் வரிசை தனி. கவுன்டரில் நிற்கிற பிள்ளைகள் மரியாதையாகப் பேசுகிறார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டு நட்சத்திரமும் இதற்குத்தான்.

இனி பாயிண்ட் விஷயம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் இந்த மாதிரித் திட்டத்தைத் தொடங்கியபோது கணக்கு எளிது: எத்தனை மைல் பறந்தாயோ அத்தனை மைல் உன் பேரில் சேரும். பிறகு 2015-ல் டெல்டா, யுனைடெட் போன்றவர்கள் தூரத்தை விட்டுவிட்டு, டிக்கெட்டுக்கு எவ்வளவு பணம் கொடுத்தாய் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டிலும் ஏர் இந்தியா 2024-ல் அந்த வழிக்கு மாறியது. நான் இருக்கிற திட்டமும் அப்படித்தான். அதிலும் அடிப்படைக் கட்டணத்துக்குத்தான் பாயிண்ட், வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் கிடையாது. ஒரு மாதம் முன்னாடியே திட்டம் போட்டு மலிவாக டிக்கெட் எடுக்கிற சிறு வியாபாரிக்குச் சொற்பமாகத்தான் சேரும், கம்பெனிக் காசில் கடைசி நேரத்தில் டிக்கெட் எடுக்கிறவருக்கு ஒரே பயணத்தில் அதைப்போல நாலு மடங்கு சேரும், இத்தனைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்து போவது பக்கத்துப் பக்கத்து சீட்டில். அடிக்கடி பறக்கிறவருக்கான சலுகை என்று விளம்பரம் செய்கிறார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் அதிகம் செலவழிக்கிறவருக்கான சலுகையாக இருக்கிறது.

சேர்த்ததைச் செலவழிக்கப் போனால் அங்கே இன்னொரு கஷ்டம். முன்பெல்லாம் இந்த ஊருக்கு இத்தனை பாயிண்ட் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துக் குறி வைத்துச் சேர்க்கலாம். இப்போது டிக்கெட் விலை ஏறினால் பாயிண்ட் விலையும் கூடவே ஏறுகிறது. திங்கட்கிழமை பார்த்த மும்பை டிக்கெட் வியாழக்கிழமை பார்க்கும்போது கிட்டத்தட்ட இரட்டிப்பாகி நிற்கும். தீபாவளி, பொங்கல், மே மாதம் என்று நமக்குத் தேவைப்படுகிற நாளில் எட்டிப் பார்க்கவே முடியாது. போன வருஷம் சொந்தத்தில் ஒரு சாவுக்கு அன்றைக்கே டெல்லி போக வேண்டியிருந்தது. கணக்கில் தாராளமாகப் பாயிண்ட் இருந்தும் அன்றைய விமானத்தில் அதற்கென்று ஒரு சீட் கூடக் காட்டவில்லை, ஆனால் காசு கொடுத்தால் சீட் இருந்தது. முழுக் காசு கொடுத்துத்தான் போனேன். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. இத்தனை வருஷம் இவர்களையே நம்பிப் பறந்ததற்கு, அவசரத்துக்கு ஒரு சீட் கொடுக்கக் கூடாதா? அப்புறம், பாயிண்ட் டிக்கெட் என்றாலே இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம், வரியும் கட்டணங்களும் கையிலிருந்துதான் போகும், கோவை–சென்னை மாதிரிக் குறுகிய தூரத்துக்கு அந்தத் தொகையைப் பார்த்தால் பாயிண்ட்டால் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

இதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பாயிண்ட் என்பது நிறுவனம் நமக்குத் தர வேண்டிய கடன், அதற்கு ஜாமீன் யாரும் கிடையாது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றபோது சேர்த்து வைத்தவர்கள் கதி என்ன ஆனது என்று அப்போது பறந்தவர்களுக்குத் தெரியும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, பாயிண்ட் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறிப் பிழைத்தது, ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோது அவர்களுடைய பாயிண்ட் எல்லாம் ஏர் இந்தியாவின் பாயிண்ட் திட்டமான மஹாராஜா கிளப்புக்குப் போனது. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுகிற உரிமை எல்லாத் திட்டத்திலும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகவே சேர்த்து வைத்துப் பிற்காலத்தில் குடும்பத்தோடு போகலாம் என்று கனவு காணாதீர்கள், கிடைத்தவுடனே செலவழித்துவிடுங்கள்.

பாயிண்ட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம், தாமதத்தைப் பொறுக்கவே முடியவில்லை. கோவையிலேயே பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ இருக்கிறவருக்கு விமானம் ஒன்றரை மணி நேரம் லேட் என்றால் வீட்டில் இன்னொரு காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். குன்னூரிலிருந்து விமான நிலையத்துக்கு மழை, லாரி, சீசன் கூட்டம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு நாலு மணி நேரம் முன்னாடியே இறங்க வேண்டும். மலை அடிவாரத்துக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு, ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். சீசனில் ஏறுகிற வண்டி இந்தக் கல்லாறு பாதையில் இருக்கிற பர்லியார் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி என்று போலீஸ் திருப்பிவிடுவார்கள். இவ்வளவையும் தாண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதுதான் போனில் சிக்னல் சரியாக வந்து, விமானம் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்து விழும். திரும்ப ஏறவும் முடியாது, போய்ச் சீக்கிரமாக உட்கார்ந்தும் பிரயோஜனம் இல்லை.

கடைசியாகப் போன மும்பைப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை விமானம். முதலில் 40 நிமிஷம் தாமதம் என்றார்கள், அது முடிகிற நேரத்தில் இன்னொரு 40, பிறகு 50. மொத்தமாக ஒரே தடவையில் சொல்லவே மாட்டார்கள். ஆனால் நமக்கு வர வேண்டிய விமானம் எங்கே இருக்கிறது என்று விமானங்களைக் காட்டுகிற செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அது அப்போது இன்னொரு ஊரிலிருந்து கிளம்பவே இல்லை. பக்கத்தில் கோத்தகிரிப் பக்கத்து வயதான அம்மா ஒருவர், மகளைப் பார்க்கப் போகிறவர், காலையில் வீட்டில் சாப்பிட்டதோடு சரி, "தம்பி, பிளேன் எப்ப வரும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா, மாத்திரை போடணும்" என்று கேட்டார். கவுன்டரில் போய்க் கேட்டேன், "இன்கமிங் லேட் சார்" என்று மட்டும் சொன்னார்கள். சாப்பாடு எங்கே என்று கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்து ஒரு அட்டைப் பெட்டி வந்தது, ஒரு சாண்ட்விச், ஒரு சின்ன ஜூஸ். அந்த அம்மாவுக்கும் நான்தான் போய் வாங்கிக் கொடுத்தேன். கேட்காதவர்கள் கடைசிவரை சும்மாவே உட்கார்ந்திருந்தார்கள்.

இது தயவு இல்லை, விதி. டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரை பறக்கிற விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே சாப்பாடும் தண்ணியும் கொடுக்க வேண்டும், டெல்லி மாதிரி அதைவிட நீளமான பயணத்துக்கு மூன்று மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்க அறை கொடுக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை நஷ்ட ஈடு உண்டு, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். மழை, மூடுபனி மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் அதுவும் கிடையாது. வெறும் தாமதத்துக்கு ரூபாயாக எதுவும் இல்லை. ஐரோப்பாவில் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்க முடியும். அந்த மாதிரி ஒரு விதி இங்கேயும் வராதவரை நிறுவனங்களுக்கு உறைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பி வரும்போது தாமதமானால் இன்னும் மோசம். இரவு ஒன்பது மணிக்கு இறங்க வேண்டியது பன்னிரண்டுக்கு இறங்கும். குன்னூரிலிருந்து வந்து காத்திருக்கிற டிரைவர் அண்ணனுக்கு வெயிட்டிங் காசு கொடுக்க வேண்டும், அது நியாயம்தான், அவரும் தூக்கம் கெட்டு நிற்கிறார். "இந்நேரத்துக்குக் கல்லாறு தாண்டி ஏற வேண்டாங்க, யானை நிக்கும்" என்று அவரே சொல்லிவிடுவார். மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி விடிந்ததும் ஏறுவோம். அந்தச் செலவு எந்த விதியிலும் வராது. கோவை டாக்ஸியைப் பிடிக்கலாம் என்றால் வெளி மாவட்ட வண்டிக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும், நடு ராத்திரியில் மலை ஏற ஒத்துக்கொள்கிற டிரைவரும் கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம், கூடவே நல்லெண்ணமாக 500 பாயிண்ட், மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். லாட்ஜுக்கும் வண்டிக்கும் நான் ரூபாயாகக் கொடுத்தேன், அவர்கள் கடையில் மட்டுமே செல்லுபடியாகிற ஒன்றை எனக்குத் திருப்பித் தருகிறார்கள், அதையும் வாங்க இன்னொரு தடவை அவர்களிடமே பறக்க வேண்டும். இரண்டு குறையையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் என்னை மிகவும் நோகடித்தது. வாடிக்கையாளரை மதிக்கிறோம் என்று சொல்கிற திட்டம், தாமதத்தைச் சமாளிக்கிற மலிவான வழியாகிவிட்டது. நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வர வேண்டிய விமானம் தாமதம் என்று அவர்களுக்குத் தெரிகிற நிமிஷத்திலேயே எங்களுக்கும் தெரிய வேண்டும், நாங்கள் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. முந்தின இரவே வந்து நிற்கிற விமானம் என்பதால் காலை முதல் விமானம் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பும். அந்த ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறது, ஒவ்வொரு ஊரிலும் விழுகிற கால் மணி, அரை மணி எல்லாம் சேர்ந்து மாலை விமானத்தின் தலையில்தான் விழும். ஆனால் முதல் விமானத்துக்கு நாம் நடு ராத்திரியில் மலை இறங்க வேண்டியிருக்கும், அது வேண்டாம். காலை பத்து பதினொரு மணி விமானம்தான் நமக்கு ஒத்துவரும், விடிந்ததும் இறங்கினால் போதும். சென்னை மாறிக் கொல்கத்தா போகிறவர்கள் இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்கள், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் அனுப்பி வைக்கிற பொறுப்பு அவர்களுடையது. வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், போர்டில் காட்டிய நேரத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா என்கிற புகார் தளத்தில் புகார் போடலாம், ரத்தான ஒரு டிக்கெட்டின் பணம் எனக்கு அங்கே போட்ட பிறகுதான் வந்தது.

கணக்கில் மிச்சமிருந்த பாயிண்ட்டில் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஆடி மாதத்தில் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கோல்ட் அட்டையைப் புதுப்பிக்க இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் செலவழியுங்கள் என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கிறது, புதுப்பிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் மும்பைக்கு வேறு நிறுவனத்தில் காலை பத்தரை மணி விமானம் எடுத்திருக்கிறேன்.