நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்: ஹம் அடங்கும், ஸ்க்ரீச் அடங்காது

மூன்று மாதமாக இதை மாட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன், அதனால் தைரியமாக எழுதலாம். காதை முழுசாக மூடுகிற வகை, இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் 2,400 ராண்டுக்கு வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் நாய்ஸ் கேன்சலிங், அதாவது சத்தத்தை அடக்குவது, என்று இருக்கிறது. எந்த நாய்ஸ் என்றுதான் இல்லை.

அதைக் கண்டுபிடிக்க உதவியது என் மகளின் ஹோம்வொர்க். கிரேடு 6 படிக்கிறாள். காதுக்குப் பிடிக்காத சத்தங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போட வேண்டும்: ஹம் (ரீங்காரம்), ட்ரோன் (ஒரே சீரான இரைச்சல்), ரம்பிள் (உறுமல்), க்ளாட்டர் (கடகட சத்தம்), ஸ்க்ரீச் (கிறீச்சிடல்), ப்ளேர் (அலறல்), டின் (ஓயாத இரைச்சல்), கக்காஃபனி. நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், அதனால் எந்தச் சொல்லுக்கும் சத்தம் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் கேட்கும்போது ஹெட்போனை மாட்டிப் பார்த்தோம்.

ஹம், ட்ரோன், ரம்பிள் மூன்றும் அப்படியே அடங்கிவிட்டன. கரண்ட் போனதும் பின்வீட்டில் ஓடும் ஜெனரேட்டர், ஃபேன், தூரத்து லாரி எல்லாம் இந்த ரகம். வெளியே இருக்கும் குட்டி மைக் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் வருகிற சத்தம் என்றால் இது அபாரமாக வேலை செய்யும். ட்ரோன் என்றால் ஆண் தேனீ என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று மகள் சொன்னாள். நமக்கு வண்டின் ரீங்காரம் இனிமை, ஆங்கிலத்தில் அதே சத்தம் அலுப்பாகிவிடுகிறது!

ஸ்க்ரீச் வேறு கதை. விடிவதற்கு முன்னாலேயே கூரைமேல் வந்து உட்காரும் ஹாடீடா பறவை, நம் ஊர் அரிவாள் மூக்கனின் உறவு, அதன் பெயரே அதன் கத்தல்தான், ஹா-டீ-டா என்று ஒரு கத்துக் கத்தினால் ஹெட்போனையும் தாண்டி உள்ளே வருகிறது. உயர்ந்த சுருதியில் திடீரென்று வரும் சத்தத்துக்கு எதிர் அலை போட அதற்கு நேரம் போதவில்லை, அங்கே காதைச் சுற்றியிருக்கும் பஞ்சு தடுத்தால்தான் உண்டு. சமையலறையில் பாத்திரம் கடகடவென்று விழுகிற க்ளாட்டரும் இப்படித்தான். ப்ளேருக்கு எங்களுக்குக் கிடைத்தது ஆள் ஏற்றுவதற்காக ஹாரன் அடித்துக்கொண்டே போகும் மினிபஸ் டாக்ஸி. பாதிதான் குறைந்தது, அதில் எனக்குக் குறையே இல்லை, ரோட்டில் நடப்பவருக்கு அது கேட்கத்தான் வேண்டும். தயவுசெய்து இதைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடக்காதீர்கள்.

கால்பந்து ரசிகர்கள் ஊதும் நீளக் குழலான வுவுசெலாவையும் விடவில்லை. 2010 கால்பந்து உலகக்கோப்பையில் டிவிக்காரர்கள் வடிகட்டப் பார்த்தார்களே, அதே ஊதல். அடியில் இருக்கும் தாழ்ந்த சுருதி குறைகிறது, மேலே உள்ள கரகரப்பு அப்படியே நிற்கிறது.

டின், கக்காஃபனி இரண்டும் கலவைச் சத்தம், நாம் சந்தைக்கடை இரைச்சல் என்போமே அது. கக்காஃபனி கிரேக்கத்திலிருந்து வந்தது, கெட்ட ஒலி என்று நேர் அர்த்தம். மாலில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் மாடியில் போட்டுப் பார்த்தேன், ஏசி இரைச்சல் மறைந்து, பக்கத்து மேஜைப் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. எனக்கு இது பெரிய ஏமாற்றம், பாதி பேச்சுச் சத்தத்துக்காகத்தான் இதை வாங்கினேன்.

பேட்டரி நன்றாக நிற்கிறது. இங்கே கோடைகாலமான பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் போட்டால் காது வேர்த்து நனைந்துவிடும்.

ஜெனரேட்டர், விமானம், ஃபேன் தொல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பறவை, ஹாரன், பக்கத்து வீட்டுப் பேச்சு என்றால் மெடிக்கல் கடையில் விற்கும், காதுக்குள் வைக்கிற பஞ்சு அடைப்பானை முதலில் வாங்கிப் பாருங்கள், செலவு மிகக் குறைவு. கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுச் சத்தத்தைப் போனில் ரெக்கார்ட் செய்து எடுத்துப் போங்கள், கூட வருபவரை அதைப் பக்கத்தில் போடச் சொல்லி, மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.