புரோஜெஸ்டிரோன்: விழுங்குவதா, உள்ளே வைப்பதா, தடவுவதா, ஊசியா?

பீரியட்ஸுக்குப் பத்து நாள் முன்பே எரிச்சல், அழுகை, மார்பு வலி, தூக்கமின்மை என்று வாட்டும் தொல்லைகளுக்கு 1953-இல் ‘பி.எம்.எஸ்.’ என்று பெயர் வைத்தவர்கள் பிரிட்டன் மருத்துவர்கள் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும். சினைப்பை சுரக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் உடலில் குறைவதுதான் காரணம், அதையே வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகும் என்பது டால்டனின் கட்சி. ரத்தத்தில் அளந்து பார்த்தபோது அவதிப்படுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது: சினைப்பையின் இயக்கத்தை மருந்தால் நிறுத்திவிட்டு, பிறகு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திருப்பிக் கொடுத்தார்கள். பி.எம்.எஸ். உள்ள பெண்களுக்குத் தொல்லை திரும்பி வந்தது. இல்லாதவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆக, கோளாறு ஹார்மோனின் அளவில் இல்லை, அதற்கு மூளை எதிர்வினை காட்டும் விதத்தில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டுதான் நான்கு வழிகளையும் எடைபோட வேண்டும். 1985-இல் டெனர்ஸ்டைன் குழுவின் சிறிய ஆய்வில் வாய்வழி புரோஜெஸ்டிரோன் பலன் தந்தது. 1990-இல் ஃப்ரீமன் குழு, உள்ளே வைக்கும் மருந்தை 400, 800 மி.கி. அளவுகளில் சோதித்தபோது வெறும் போலி மருந்தைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை. அதே குழு 1995-இல் கேப்சூலைச் சோதித்தபோதும் அதே கதைதான். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரியான ஆர்.சி.ஓ.ஜி. இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. பிறகு ஏன் அலச வேண்டும்? இன்னமும் சீட்டில் எழுதப்படுகிறது, சிலருக்குத் தூக்கமாவது சீராகிறது, தவறான முறையில் எடுத்துக்கொண்டு அவதியைக் கூட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கடையில் எதைக் கொடுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சீட்டில் ‘மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன்’ என்று இருந்தால் அதுதான் உடலில் சுரப்பதற்கு இணையான மூலக்கூறு; சஸ்டென் போன்ற பெயர்களில் வருவது இது. டுஃபாஸ்டனில் இருப்பது டைட்ரோஜெஸ்டிரோன். கல்யாணம், கோவில் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட விழுங்குவது நார்எத்திஸ்டிரோன். மூன்றும் வேறு வேறு மருந்துகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கூடாது.

கேப்சூல்

நான்கில் எங்கள் ஓட்டு இதற்கே, அதுவும் இரவு வேளைக்கு மட்டும். விழுங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட புரோஜெஸ்டிரோனாக ரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. மீதியைக் குடலும் கல்லீரலும் உடைத்துவிடுகின்றன. உடைத்ததில் பிறக்கும் அல்லோபிரெக்னனோலோன்தான் இங்கே முக்கியம்: தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே இடத்தில், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியில், இது உட்கார்ந்து கண்ணைச் செருக வைக்கிறது. தூக்கமின்மையும் படபடப்பும் முதன்மையான தொல்லை என்றால் இந்தக் குறையே வசதியாகிவிடும்.

டெனர்ஸ்டைன் ஆய்வில் காலை 100, இரவு 200 மி.கி., கருமுட்டை வெளிப்பட்ட மூன்று நாள் கழித்துத் தொடங்கிப் பத்து நாள் கொடுத்தார்கள். காலை வேளை மாத்திரைதான் சிக்கல். ஸ்கூட்டர் ஓட்டி வேலைக்குப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு கிளம்புவது ஆபத்து. டாக்டரிடம் கேட்டு, படுக்கப் போகும்போது 200 மி.கி. என்று ஒரே வேளையாக மாற்றிக்கொள்வது மேல். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். எண்ணெய்ப் பதார்த்தத்தோடு விழுங்கினால் உறிஞ்சப்படும் அளவு எகிறும். விருந்து சாப்பிட்ட மறுநாள் காலையில் தலை சுற்றுவது அதனால்தான். மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடவே கூடாது. சில கம்பெனிக் கேப்சூல்களில் கடலை எண்ணெய் இருக்கும், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். வலிப்பு மருந்தோ (கார்பமசபைன், ஃபெனிட்டாயின்) காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ எடுப்பவர்களுக்குக் கல்லீரல் இதை இன்னும் வேகமாக உடைத்துத் தள்ளிவிடும்.

இன்னொரு விபரீதம்: அல்லோபிரெக்னனோலோன் நிறைய இருந்தால் அமைதி, நடுத்தர அளவில் இருந்தால் சிலருக்கு நேர்மாறாக எரிச்சலும் அழுகையும். பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் உடலில் இயல்பாக இருப்பதே அந்த நடுத்தர அளவுதான். கேப்சூல் போட்ட முதல் மாதமே மனநிலை மோசமானால் ‘பழகிவிடும்’ என்று தொடராதீர்கள், அளவைக் கூட்டவும் வேண்டாம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் மனநல மருத்துவரை அன்றே பார்க்க வேண்டும்.

உள்ளே வைப்பது

டால்டன் நம்பியது இதைத்தான். பிரிட்டனில் சைக்ளோஜெஸ்ட் என்ற பெஸ்ஸரிக்கு (உள்ளே வைத்ததும் உருகும் கொழுப்பு மாத்திரை) சொல்லப்பட்ட அளவு, நாளுக்கு ஒருமுறை 200 மி.கி. முதல் இருமுறை 400 மி.கி. வரை, 14-ஆம் நாள் தொடங்கி பீரியட்ஸ் வரும்வரை. கல்லீரலைத் தாண்டிப் போவதால் ரத்தத்தில் அளவு நன்றாக ஏறும், தூக்கக் கலக்கமும் குறைவு. ஆனால் பிறப்புறுப்பில் வைக்கும் மருந்தில் பெரும்பங்கு நேரே கருப்பைக்குப் போகிறது. குழந்தைப்பேறு சிகிச்சையில் அதுதான் வேண்டும். தொல்லையின் இருப்பிடம் மூளை என்கிறபோது அந்த அனுகூலத்தால் நமக்கு என்ன லாபம்?

கையைக் கழுவி, விரல் போகும் தூரம் தள்ளிவைத்து, அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். காலை வேளையில் எழுந்து நடந்ததும் கொழுப்பு உருகி ஒழுகும், நாப்கின் தேவைப்படும். வெள்ளையாக வழிவதெல்லாம் தொற்று இல்லை. அரிப்பும் வாடையும் சேர்ந்தால் தொற்றாக இருக்கலாம், அப்போது ஆசனவாய் வழியே வைத்துக்கொள்ளலாம். கொழுப்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதைத் தம்பதிகள் மறந்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் பெஸ்ஸரி உறைக்குள்ளேயே இளகிவிட்டால் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் போட்டு இறுகியபின் எடுங்கள். மென்மையான கேப்சூலை உள்ளே வைக்கலாம், எஸ்.ஆர். என்று போட்ட மெதுவாகக் கரையும் மாத்திரையை வைக்கக் கூடாது. அது முழுதாக விழுங்குவதற்கானது. 90 மி.கி. ஜெல்லும் உண்டு, விலை அதிகம், உள்ளே கட்டிகட்டியாகச் சேர்ந்து வரும். பி.எம்.எஸ்.க்கு அதை வாங்கச் செலவழிக்க வேண்டியதில்லை.

க்ரீம்

இணையத்தில் அதிகம் விற்பது இதுதான், நம்பிக்கை குறைவானதும் இதுதான். 2 சதவீத க்ரீமில் ஒரு கிராமுக்கு 20 மி.கி. உண்டு, தொடை, வயிறு, முழங்கையின் உட்புறம் என்று இடம் மாற்றித் தடவச் சொல்வார்கள். கருமுட்டை வெளிவந்தபின் உடல் தானே சுரப்பது ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 நானோகிராமை ஒட்டியும் மேலும் போகும். க்ரீமில் பெரும்பாலும் 3-க்குள்ளேயே நின்றுவிடும். எச்சில் பரிசோதனையில் மட்டும் தாறுமாறாக உயர்ந்த எண் வரும், விற்பவர்கள் அதைத்தான் காட்டுவார்கள். ‘காட்டு வள்ளிக்கிழங்கு க்ரீம்’ இன்னொரு படி கீழே: அந்தக் கிழங்கில் உள்ள டயோஸ்ஜெனினை ஆய்வகத்தில்தான் புரோஜெஸ்டிரோனாக மாற்ற முடியும், நம் தோலாலோ கல்லீரலாலோ ஆகாது.

ஊசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயில் கரைத்த 50 முதல் 100 மி.கி. மருந்தைப் பிட்டத்தில் ஆழமாகப் போட வேண்டும். வலி, கட்டி, சில சமயம் சீழ். மாதம்தோறும் வரும் தொல்லைக்கு இது ஏற்றதல்ல.

எந்த நாளில் தொடங்குவது

வழி எதுவானாலும் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ‘14-ஆம் நாள்’ என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 34 நாள் சுழற்சி உள்ளவர் 14-இல் தொடங்கினால் கருமுட்டை வெளிவரும் முன்பே ஹார்மோன் நுழைந்து, சுழற்சி குழம்பி, இடையில் உதிரம் கசியும். அடுத்த பீரியட்ஸ் எதிர்பார்க்கும் தேதியிலிருந்து 12 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். தேதி ஒழுங்கில்லாதவர்கள், கருமுட்டை வெளிவரப்போவதைக் காட்டும் எல்.எச். ஸ்ட்ரிப் பார்த்து, பாசிட்டிவ் வந்த மூன்றாம் நாள் தொடங்கலாம். நிறுத்தியபின் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் உதிரம் வரும். வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை. இது கருத்தடை மருந்து அல்ல. காரணம் தெரியாத உதிரப்போக்கு, மார்பகப் புற்று, ரத்தக் கட்டு, கடுமையான கல்லீரல் நோய் இருந்தால் எந்த வழியிலும் வேண்டாம்.

மருந்து தொடங்கும் முன் இரண்டு சுழற்சிக்குத் தினமும் தொல்லைகளுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் போட்டுக் குறித்துவையுங்கள். பீரியட்ஸ் முடிந்த வாரத்திலும் எண்கள் இறங்காவிட்டால் அது பி.எம்.எஸ். அல்ல, தைராய்டோ மனச்சோர்வோ ரத்தசோகையோ என்று தேட வேண்டும். மூன்று சுழற்சி மருந்தெடுத்தும் எண்கள் பாதியாகக் குறையவில்லையா, விட்டுவிடுங்கள்.

விட்டபின் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுக்கும் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. போன்ற மனச்சோர்வு மருந்து, அல்லது டிராஸ்பிரினோன் 3 மி.கி. கலந்த, 24 நாள் போட்டு 4 நாள் விடும் கருத்தடை மாத்திரை. புகைபிடிக்கும் 35 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒளிக்கீற்றுகளோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இரண்டாவது ஆகாது. இவை எதற்கும் தயாரில்லை என்றால் கால்சியம், நாளுக்கு 1200 மி.கி. வரை, உணவில் கிடைப்பதையும் சேர்த்து. ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் உடல் சரியாக எடுத்துக்கொள்ளாது, அதனால் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துச் சாப்பாட்டோடு போட வேண்டும்.