நார்வே வழியா, கனடா வழியா: பிரிட்டனின் முன் நின்ற இரு பாதைகள்

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டனின் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தபோது, டாலருக்கு எதிராகப் பவுண்டு 1985க்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. மறுவாக்கெடுப்பு கோரும் மனுவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். எவ்வாறு விலகுவது என்று வாக்குச்சீட்டு கேட்கவே இல்லை. பின்னர் மூண்ட சச்சரவுக்கு அதுவே வேர். இரு பாதைகள் முன் நின்றன: நார்வேயைப் போல ஒன்றியத்தில் உறுப்பினராகாமலே அதன் ஒற்றைச் சந்தையில் (பொருளும் சேவையும் மக்களும் தடையின்றி நகரும் பொதுச் சந்தையில்) இருப்பது ஒன்று, கனடாவைப் போல அச்சந்தைக்கு வெளியே நின்று வணிக ஒப்பந்தம் மட்டும் செய்துகொள்வது மற்றொன்று.

வணிகம்: நார்வே வழியில் சுங்கச் சோதனை இருந்தாலும் ஒற்றைச் சந்தை திறந்தே இருக்கும். கனடா வழியில் பெரும்பாலான பொருள்களுக்கு வரி இல்லை. எனினும் தரச்சான்றும் எல்லைச் சோதனையும் கூடுகின்றன, ஒன்றியம் முழுவதும் தடையின்றி நிதிச்சேவை வழங்கும் உரிமை கிட்டாது. இச்சுமை சிறு ஏற்றுமதியாளர்களையே கடுமையாக அழுத்துகிறது என்பது என் கவலை.

குடிபெயர்வு: நார்வே வழியில் தடையில்லை, கனடா வழியில் நாடே முடிவுசெய்யும்.

சட்டம்: நார்வே தான் வாக்களிக்காத விதிகளை ஏற்கிறது, கனடாவுக்கு அக்கட்டாயமில்லை.

செலவு: நார்வே ஒன்றியத்தின் வளம் குறைந்த நாடுகளுக்கு நிதியளிக்கிறது, கனடா அளிப்பதில்லை.

குடிவரவுக் கட்டுப்பாட்டுக்காகவே விலக வாக்களித்தவர்களுக்குக் கனடா வழி பொருந்தும். 2021இல் பிரிட்டன் ஏற்றதும் ஏறக்குறைய அதுவே. ஏற்றுமதியையும் வேலைவாய்ப்பையும் முதன்மையாகக் கருதியவர்களுக்கும், 62 விழுக்காட்டினர் நீடிக்க விரும்பிய ஸ்காட்லாந்துக்கும், நார்வே வழியே நியாயமாக இருந்திருக்கும்.