வாடகை ஏற்றத்துக்குக் கடிவாளம்: ஒன்டாரியோவா, கலிஃபோர்னியாவா, ஜெர்மனியா?

வாடகை உயர்வுக்கு எந்த ஊர்ச் சட்டம் தேவலை என்று பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது "எத்தனை சதவீதம்?" என்றுதான். நான் முதலில் தேடுவது வேறொன்றை. குடியிருப்பவர் காலி செய்துவிட்டால் அந்த வீட்டு வாடகை என்ன ஆகிறது? பல சட்டங்களின் சாயம் அங்கேதான் வெளுக்கிறது.

முதலில் கணக்கையே போட்டுவிடலாம். மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பணமானாலும் சரி. வீட்டுக்காரர் சட்டம் விடுகிற உச்சம் வரை, மூன்று ஆண்டுகளில் மூன்று முறை ஏற்றுகிறார். கனடாவின் ஒன்டாரியோவில் ஆண்டு உச்சம் 2.5 சதவீதம், ஆக சுமார் 1,077 (2026க்கு அரசு அறிவித்தது அதற்கும் கீழே, 2.1 தான்). கலிஃபோர்னியாவில் 2020 முதல் நடப்பில் இருக்கும் மாநிலச் சட்டப்படி 5 சதவீதத்தோடு விலைவாசி உயர்வைக் கூட்டிக்கொள்ளலாம், மொத்தம் 10ஐத் தாண்டக்கூடாது. விலைவாசி எகிறினால் 1,331 வரை போகும். ஜெர்மனியில் மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே 20 சதவீதம், வீட்டுத் தட்டுப்பாடு உள்ள ஊர் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் 15. அதாவது 1,200 அல்லது 1,150.

இதோடு நிறுத்தினால் ஒன்டாரியோ ஜெயித்துவிட்டது. ஆனால் அங்கே 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. 90 நாள் நோட்டீஸ், 12 மாத இடைவெளி இரண்டும் உண்டு, அவ்வளவுதான், தொகை வீட்டுக்காரர் இஷ்டம். பழைய கட்டடத்தில் இருப்பவருக்கும் வேறு தலைவலி. அவர் கிளம்பிய மறுநாளே வீட்டுக்காரர் என்ன வாடகை வேண்டுமானாலும் சொல்லலாம். பக்கத்து வீடு 1,600க்குப் போகிறபோது 1,077 கொடுப்பவரைப் பார்த்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? "சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும்" என்ற நோட்டீஸை அங்கே குடியிருப்பவர்கள் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான். கலிஃபோர்னியாவிலும் மாநிலச் சட்டம் காலியான வீட்டைத் தொடுவதில்லை, 15 ஆண்டு ஆகாத கட்டடங்களையும் விட்டுவிடுகிறது. என்னைக் கேட்டால் அது அநியாய ஏற்றத்தைத் தடுக்கும் ஒரு வேலி மட்டும்தான்.

ஜெர்மனி கதை வேறு மாதிரி. அங்கே வீட்டுக்காரர் வாடகையை "அறிவிக்க" முடியாது, சம்மதம் கேட்கத்தான் முடியும். கேட்கிற கடிதத்தில் காரணமும் வேண்டும்: ஊரின் வாடகைப் பட்டியல், அல்லது ஒரு நிபுணர் அறிக்கை, அல்லது ஒப்பிடத்தக்க மூன்று வீடுகளின் வாடகை. மார்ச் 10ஆம் தேதி கடிதம் வந்தால் மே கடைசி வரை யோசிக்கலாம், ஒப்புக்கொண்டால் ஜூன் முதல் புது வாடகை. பதிலே சொல்லாவிட்டால்? மௌனம் சம்மதம் ஆகாது, வீட்டுக்காரர்தான் அடுத்த மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். 20 சதவீதம் என்பதும் அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையை, அதாவது அதே மாதிரி வீடுகளுக்கு அங்கே வழக்கமாக இருக்கும் வாடகையை, தாண்டாத வரைக்கும்தான். அப்புறம் நான் முதலில் கேட்ட கேள்விக்கு ஓரளவாவது பதில் வைத்திருப்பதும் இந்தச் சட்டம்தான். 2015 முதல், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதிதாக வருபவரிடமும் ஒப்பீட்டு வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது. 2014 அக்டோபர் 1க்குப் பின் வந்த புது வீடுகளுக்கும், முன்பிருந்தவரே அதற்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகளுக்கும் விலக்கு உண்டு, ஓட்டை இல்லாத சட்டம் ஏது.

பெரிய ஓட்டை நவீனப்படுத்தல். வீட்டுக்காரர் ஜன்னல், வெப்ப அமைப்பு என்று செலவு செய்தால் அதில் 8 சதவீதத்தை ஆண்டு வாடகையில் ஏற்றலாம். சதுர மீட்டருக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று தனி வரம்பு உண்டு, ஆனால் மேலே சொன்ன 20 சதவீதக் கணக்கில் இது சேராது. பன்னிரண்டரை ஆண்டில் போட்ட காசு திரும்பிவிடும், வாடகை மட்டும் இறங்காது!

இங்கிலாந்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சதவீத வரம்பே இல்லை, 2026 மே முதல் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாத நோட்டீஸ், அதிகம் என்று தோன்றினால் தீர்ப்பாயம், அங்கே வீட்டுக்காரர் கேட்டதைவிடக் கூடுதலாகத் தீர்க்க முடியாது.

ஒரே வீட்டில் பத்து ஆண்டு இருப்பேன் என்பவருக்கு ஒன்டாரியோவின் பழைய கட்டடம். அடிக்கடி வீடு மாறுபவருக்கு ஜெர்மனி, அதிலும் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் வாடகை விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு 20 சதவீத வரம்பு பொருந்தாது. பல ஆண்டுகள் சாதுவாகக் கிடந்த அந்த ஒரு வரி, விலைவாசி 6.9 சதவீதம் ஏறிய 2022இல்தான் பலருக்குக் கண்ணில் பட்டது.